மாரி போன கையோடு: மணல் வளவில் தை முதல் வைகாசி வரை

பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த மறுநாளிலிருந்து எங்கள் ஒழுங்கையில் ஆளுக்கு ஆள் கேட்கிற கேள்வி, “கிணத்தில எத்தின கொட்டுத் தெரியுது?” என்பதுதான். கொட்டு என்றால் கிணற்றுக்குள் அடுக்கி இறக்கிய சீமெந்து வளையம். மார்கழியில் குனிந்து கையால் மொள்ளலாம் போல நிறைந்து நின்ற கொட்டுக்கிணறு, தை நடுவில் ஒரு கொட்டு இறங்கிவிட்டால் மாரி போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே நான் மண்வெட்டியை வெளியே எடுத்துவிடுவேன்.

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து தெற்கே ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, பிறகு அம்பாறை மாவட்டத்துக்குள் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கடலோரமாகப் போனால் பெரும்பாலும் மணல் வளவுதான். இந்த மணலில் வீட்டுத்தோட்டம் செய்கிறவனுக்கு வருடத்தில் ஒழுங்காகக் கிடைப்பது நாலு மாதம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்ததிலிருந்து கச்சான் என்கிற மேற்குக் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கும் வரை. குளிர்நாட்டுக்காரர் வசந்தம் என்கிறார்களே, நமக்கு அது இதுதான். அதிலும் முதல் ஆறு வாரம் பொன். மழை விட்டுப்போன ஈரம் அப்போதுதான் மண்ணுக்குள் இருக்கும். விதையை விட, பசளையை விட, அந்த ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் மணல் தோட்டத்தில் முக்கால் வேலை என்பது என் கட்சி. மற்ற வேலைகளை எல்லாம் அதற்கு ஏற்றபடிதான் அடுக்குவேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்காரர் இதை வாசித்தால் பாதியைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே களிமண் கலந்த நிலம். தண்ணீர் நிற்பது அவர்களுக்குத் தொல்லை, நிற்காமல் போவது எங்களுக்குத் தொல்லை. அங்கே தோட்டத்துக்குள் வருகிற யானைக்கு வைத்தியம் என்னிடம் இல்லை.

தை நடு: மண்ணையும் வெயிலையும் பார்த்தல்

ஒன்றும் நடாதீர்கள். முதலில் வளவில் மூன்று இடத்தில் ஒரு அடிக்குக் குழி வெட்டுங்கள். அடியில் தண்ணீர் ஊறினால் அந்த இடத்துக்கு இன்னும் ஒரு கிழமை போக வேண்டும். ஊறாவிட்டால் அடிமண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்திக் கையை விரியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், பெருவிரலால் தட்டினால் உதிர வேண்டும். தட்டாமலே உதிர்ந்தால் நீங்கள் பிந்திவிட்டீர்கள், அடுத்த வேலைகளை ஓடி ஓடிச் செய்யுங்கள்.

மழைத்தண்ணீர் எங்கே தேங்கி நின்றது என்பது இப்போது தெளிவாகத் தெரியும். பாசி காய்ந்து பச்சையாக ஒரு தடம் இருக்கும். கோடையில் அந்தத் தாழ்வுதான் உங்களுடைய நல்ல பாத்தி. இரண்டு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள், மாசிக்குள் எல்லாம் ஒரே நிறமாகிவிடும்.

வெயிலையும் பாருங்கள். காய்க்கிற மரக்கறிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் நேர்வெயில் வேண்டும். எங்கள் வளவுத் தென்னைகள் எல்லாம் 1978 கார்த்திகைச் சூறாவளிக்குப் பிறகு அப்பா வைத்தவை. ஒரே வயது, ஒரே உயரம், ஒரே நிழல். அந்த நிழல் காலையில் எங்கே விழுகிறது, பின்னேரம் எங்கே விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து பார்த்தால் போதும். காலை வெயில் படுகிற இடத்தைக் கொச்சிக்காய்க்கும் (மிளகாய்) தக்காளிக்கும் கொடுங்கள். பின்னேர வெயில் மட்டும் படுகிற இடத்தில் வெண்டி தாங்கும். நிழலில் வல்லாரை, பொன்னாங்காணி, பசளி.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய ஒன்று: சிரட்டை, உடைந்த சாடி, தயிர்ச்சட்டி, பழைய நாற்றுக் கோப்பை எல்லாவற்றையும் கவிழ்த்துங்கள். மாரி முடிகிற நேரம்தான் இங்கே டெங்கு தலைதூக்கும் காலம். தோட்டக்காரர் வீட்டில்தான் தண்ணீர் தேங்கும் சாமான் அதிகம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

தை கடைசி: துப்பரவும் முருங்கையும்

மழைக்கு விழுந்த ஓலை, மட்டை, பன்னாடை, சருகு எதையும் கொளுத்தாதீர்கள். மாசியில் மூடாக்குக்கு ஒரு கட்டு ஓலை தேடி அலையும்போது அந்தப் புகை ஞாபகம் வரும். நான் ஓலையை மூன்று துண்டாகத் தறித்து மதிலோரம் அடுக்கிவிடுவேன், ஈர்க்கு விளக்குமாற்றுக்குப் போகும்.

மழையோடு வாவியில் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) வந்து கரையில் ஒதுங்கியிருந்தால் இரண்டு சாக்கு அள்ளி வாருங்கள். ஆனால் நேரே பாத்தியில் போடக்கூடாது, வேர்விட்டுவிடும். சீமெந்துத் தரையில் நாலைந்து நாள் காயவைத்து, தண்டு நொறுங்குகிற பதத்தில் எரு மேட்டுக்குப் போடுங்கள். உப்பு ஏறிய முகத்துவாரப் பக்கத்தில் அள்ளாமல், உள்ளே நன்னீர் வருகிற பக்கத்தில் அள்ளுவது நல்லது.

முருங்கையை வெட்ட இதுதான் நேரம். மழையில் வானத்துக்கு வளர்ந்து, மயிர்க்கொட்டிக்குக் குடியிருப்பாகி, ஒரு காயும் இல்லாமல் நிற்கும். மார்பு உயரத்தில் தறித்துவிட்டால் பங்குனி சித்திரையில் புதுக்கிளையில் பூ எடுக்கும், எட்டிப் பறிக்கலாம். தறித்ததில் மணிக்கட்டுத் தடிப்பான தடியைத் தேர்ந்து நாலு அடித் துண்டாக்கி, நிழலில் இரண்டு நாள் சாய்த்து வைத்து, ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றுங்கள். மேல்வெட்டில் சாணி அப்ப வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கி அழுகும். எங்கள் ஒழுங்கையில் ஐந்து வளவில் நிற்கிற முருங்கை எல்லாம் ஒரே தாய்மரம்தான். காய் தித்திக்கும் என்று பெயர் எடுத்த மரம், தடி கேட்டு இன்னும் வருகிறார்கள்.

மாசி: பள்ளப் பாத்தி

புத்தகத்தில் மேட்டுப்பாத்தி போடச் சொல்வார்கள். மாரிக்கு அது சரி. மணலில், கோடை வரப்போகிற நேரத்தில் மேடு கட்டினால் நாலு பக்கத்தாலும் ஈரம் ஓடும். கோடைக்கு நான் போடுவது பள்ளம். வேலை கூட, ஆனால் ஒருமுறை செய்தால் மூன்று வருடம் தாங்கும்.

மூன்று அடி அகலம், வசதிப்பட்ட நீளம். மேல்மண் அரை அடியை ஒரு பக்கம் குவியுங்கள், அதற்குக் கீழே அரை அடியை மறுபக்கம் குவியுங்கள். குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சு மட்டையை நெருக்கமாக அடுக்குங்கள், குழிந்த பக்கம் மேலே பார்க்க. ஒவ்வொரு மட்டையும் ஒரு சின்னக் கிண்ணம். தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும், தும்பு உறிஞ்சி வைத்திருக்கும். இதே மட்டையை மண்ணுக்கு மேலே மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் குப்புறப் போட வேண்டும், நிமிர்த்தி வைத்தால் நுளம்புக்குத் தொட்டில். அடுக்கிய மட்டைக்கு மேல் காய்ந்த இலை ஒரு சாண், அதன்மேல் மாட்டெருவும் கூட்டெருவும். பிறகு மேல்மண்ணை மட்டும் திருப்பிப் போடுங்கள். எல்லாம் அமர்ந்த பிறகு பாத்தி, தரைக்கு நாலு விரல் கீழே இருக்க வேண்டும். மிச்ச அடிமண் சுற்றிவர வரம்புக்கு.

ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ சேதனப் பசளை என்பது பொதுக்கணக்கு. மணலுக்கு அது மூக்குப்பொடி. நான் மூன்று கிலோ வரை போடுகிறேன், அதுவும் அடுத்த மாரியில் கழுவிக்கொண்டு போகும். வருடா வருடம் மேலே சேர்க்கத்தான் வேண்டும்.

எருவைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்களுக்கு மாட்டெரு வருவது வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பட்டிகளிலிருந்து. மண்டூர்ப் பக்கம் இருக்கிற மச்சான் ஒருவர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கொண்டுவந்து இறக்குவார், நாலு வீடு சேர்ந்து ஒரு பெட்டி எடுப்போம். தனியாக எடுத்தால் கட்டாது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய நேரம், அதுவரை சும்மா அள்ளிப்போகச் சொன்னவர்கள்கூடச் சாக்குக் கணக்கில் விலை சொன்னார்கள். எரு எவ்வளவு பழசு என்று கேட்டு வாங்குங்கள். பச்சைச் சாணியில் புல்விதை முளைக்கும், கறையான் வரும். கையில் எடுத்தால் சாணி மணம் போய் மழை பெய்த மண்ணின் மணம் வர வேண்டும். குவியலைக் கிளறும்போது சுண்டுவிரல் தடிப்பில், வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்ட புழு அகப்பட்டால் அதைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அது தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குஞ்சாக இருக்கலாம். தென்னையை வைத்துக்கொண்டு எரு மேட்டைக் கிளறாமல் விடுவது திருடனுக்குக் கதவு திறந்து வைப்பது.

கோழி எருவை உடனே போடாதீர்கள். ஒரு மாசியில் ஆசைப்பட்டு, கூட்டிலிருந்து அள்ளிய கையோடு தக்காளி அடியில் போட்டேன். மூன்றாம் நாள் இலை ஓரம் கருகி, ஐந்தாம் நாள் பதினெட்டுக் கன்றில் நாலு மிச்சம். தும்புச்சோறு (பொச்சு மட்டைத் தூள்) வாங்கினால் அதையும் மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். ஊறவைத்த இடத்து உப்பு அதில் இருக்கும்.

நாற்றுமேடை

பாத்தி வெட்டுவதற்கு முன்பே, தை கடைசியிலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும். கணக்குப் பாருங்கள்: கொச்சிக்காய் நாற்று ஒரு மாதம், நட்டபின் காய்க்க இரண்டு மாதத்துக்கு மேல். தையில் விதைத்தால்தான் சித்திரைக் கடைசியிலாவது பறிக்கலாம். மாசி கடைசியில் விதைத்தவர் கச்சானுக்குப் பூவைக் கொடுப்பார்.

மூன்று அடி அகலம், அரை அடி உயரம். இது மட்டும் மேடுதான், நாற்றுக்கு வடிகால் வேண்டும். அதன்மேல் வைக்கோல் ஒரு அடுக்கு, உமி ஒரு அடுக்கு, மறுபடி வைக்கோல், மறுபடி உமி என்று போட்டுக் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நெருப்பு வையுங்கள். மெதுவாகக் கனன்று எரிய வேண்டும், சுவாலை விட்டு எரிந்தால் மண்ணுக்குள் சூடு இறங்காது. நாற்றழுகல் பூஞ்சையும் களைவிதையும் பெரும்பாலும் இதோடு போகும். ஓலையைக் கொளுத்தாதே என்று சொன்னவன் இங்கே கொளுத்தச் சொல்கிறானே என்று கேட்பீர்கள். ஓம், இந்த ஒரு நெருப்பை மன்னித்துக்கொள்ளுங்கள். உமி சம்மாந்துறை ஆலைப் பக்கம் போகிறவர் யாராவது கொண்டுவந்து தருவார்.

ஆறிய பிறகு சாம்பலை மண்ணோடு கலந்து, நாலு விரல் இடைவெளியில் கோடு கீறி, அரை விரல்கடை ஆழத்தில் விதையுங்கள். கொச்சிக்காய்க்கு எம்.ஐ. 2, கே.ஏ. 2 என்று விவசாயத் திணைக்களத்தின் பழைய இனங்கள் இருக்கின்றன. எம்.ஐ. என்பது மகாஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். கலப்பின விதையில் விளைச்சல் கூட, ஆனால் அதன் விதையை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைத்தால் தாயைப் போல வராது. ஒழுங்கைக்குள் மாற்றிக்கொள்ளும் எங்களுக்குப் பழைய இனம்தான் தோது.

முளைக்கும் வரை வைக்கோல் மூடாக்கு. முளை தலைகாட்டிய அன்று பின்னேரமே அதை எடுத்துவிடுங்கள், ஒரு நாள் பிந்தினாலும் கன்று வெளிறி நெடுத்துப் போகும். நடுவதற்கு ஒரு கிழமை முன் தண்ணீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்குங்கள். செல்லமாக வளர்ந்த நாற்று மணலில் நிற்காது.

நேரே ஊன்றுகிறவை

வெண்டி, பயற்றை, புடோல், பாகல், வெள்ளரி, பூசணி, கீரை. வெண்டியையும் பாகலையும் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். பயற்றையை ஊறவைக்காதீர்கள், ஈர மண்ணே போதும். வெண்டி மூன்று அடிக்கு இரண்டு அடி, குழிக்கு இரண்டு விதை. மாசி முதல் கிழமையில் ஊன்றினால் சித்திரை வருடப்பிறப்புக்கு முன்பே கறிக்கு வெண்டிக்காய் வரும்.

முளைக்கீரை விதையை எறும்பு தூக்கிக்கொண்டு போகும். பக்கத்து வளவுப் பெரியம்மா பாத்தியைச் சுற்றி அரிசிக் குறுநொய் தூவுவார். “அதுகளும் தின்னத்தானே வேணும் மனே, நொய்யத் தின்னட்டும்” என்பார். எறும்பு நொய்யைச் சுமந்து முடிப்பதற்குள் கீரை முளைத்துவிடும். விதை தூள் போல இருப்பதால் ஒரு கைப்பிடிக்குப் பத்துக் கைப்பிடி காய்ந்த மணல் கலந்து தூவினால் சீராக விழும். மூன்று கிழமையில் பிடுங்கலாம்.

நடுகையும் மூடாக்கும்

வெயில் சாய்ந்த பிறகு நடுங்கள். நாற்றுமேடையை ஒரு மணித்தியாலம் முன் நனைத்து, அகப்பைக் காம்பால் வேரோடு மண்ணையும் கிளப்பி எடுக்க வேண்டும், இழுத்துப் பிடுங்கக்கூடாது. கத்தரிக்கு மூன்று அடிக்கு இரண்டு அடி, கொச்சிக்காய்க்கு இரண்டு அடிக்கு ஒன்றரை. வாழைமடலை ஒரு சாண் துண்டாக வெட்டி, கூடாரம் போல மடித்து ஒவ்வொரு கன்றுக்கும் மேற்குப் பக்கமாகக் குத்தி வையுங்கள். நாலு நாளில் எடுத்துவிடலாம்.

நட்ட அன்றே மூடாக்கு. நாளைக்கு என்று தள்ளாதீர்கள். ஒரு வருடம் பாதிப் பாத்தியை மூடி, பாதியை விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் பின்னேரம், மூடிய பக்கத்தில் சருகை விலக்கி விரலை விட்டால் முதல் கணுவிலேயே குளிர்ச்சி. திறந்த பக்கத்தில் விரல் முழுக்க இறங்கிய பிறகுதான் ஈரம் தட்டியது. மேலே மணல் கையைச் சுட்டது. அதற்குப் பிறகு எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தறித்த ஓலை, வைக்கோல், காய்ந்த ஆற்றுவாழை, தும்பு எதுவானாலும் நாலு விரல் தடிப்பு வேண்டும். தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒட்டினால் தண்டு அழுகும்.

தண்ணீரும் உப்பும்

இதில்தான் நான் சுட்டுக்கொண்டது அதிகம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கிற மணல்திட்டில் கிணற்று நன்னீர் என்பது மழை தந்தது. உப்புநீரை விட இலேசானது என்பதால் அதன்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நீரியல்காரர் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மறுபக்கமும் அதே கணக்குத்தான். மேலே ஒரு அடியை இழந்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். மோட்டர் போட்டு வேகமாக இறைக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பு போல எழும்பி வரும். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பான கிணறுகளை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்யப் பார்த்த இடங்களில் சிலவற்றில் உப்புக் கூடியதுதான் கண்ட மிச்சம். பிறகு பெய்த மாரிதான் கழுவியது.

இதெல்லாம் தெரிந்தும் ஒரு பங்குனியில் ஒரு குதிரைவலு மோட்டர் வாங்கி, பின்னேரம் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் குழாயைத் திறந்துவிட்டு ரீவி பார்த்தேன். மூன்றாம் கிழமை பயற்றை இலையின் ஓரம் பழுப்பாகக் காய்ந்தது. நோய் என்று நினைத்து மருந்து தேடினேன். பெரியம்மா வந்து கிணற்றுத் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்து, “இதென்ன மனே, கறிக்கு உப்பே போடத் தேவல்ல” என்றார். அந்தக் கிணறு அடுத்த மாரிக்குப் பிறகுதான் பழைய ருசிக்கு வந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் போதும். பத்து லீற்றர்ப் பூவாளி ஒன்று இரண்டு சதுர மீட்டர். மணலில் ஒரேயடியாக ஊற்றினால் வேரைத் தாண்டி இறங்கிவிடும், இளங்கன்றுக்குக் காலை பாதி, பின்னேரம் பாதி. மோட்டர் போட்டே ஆக வேண்டும் என்றால் பத்து நிமிடம் தொட்டியில் நிரப்பி நிறுத்துங்கள், ஊறவிட்டு மறுபடி போடுங்கள். தண்ணீர் கரிக்கத் தொடங்கினால் இலையில் படாமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள். அப்போது முதலில் சோர்வது பயற்றையும் வெங்காயமும். பீற்றூட் நன்றாகத் தாங்கும், தக்காளி ஓரளவு தாங்கும்.

பூசணி, புடோலுக்கு மண்முட்டி வைத்துப் பாருங்கள். பூச்சுப் பூசாத, எண்ணெய் படாத முட்டி. சமைத்த சட்டி சரிவராது, துவாரங்கள் அடைபட்டிருக்கும். கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, சிரட்டையால் மூடி, சுற்றிவர நாலு விதை ஊன்றுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். வேர் தானாக முட்டியைத் தேடிவந்து வலை பின்னும். போகம் முடிந்து தோண்டி எடுக்கும்போது முட்டிக்கு மேலே பின்னிய கூடை மாதிரி இருக்கும்.

பங்குனி: சுருளும் வாடலும்

வெக்கை ஏற ஏறப் பூச்சி வரும். கொச்சி இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி, கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் முதல் வைத்தியம் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை விசிறி அடிப்பது. அடுத்தது வேப்பம்பருப்பு. 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பொழுது சாயும்போது தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் அதன் குணம் போய்விடும். வேப்பம்பழம் உதிர்வது ஆனி ஆடியில் என்பதால் போன வருடமே பொறுக்கி வைத்திருக்க வேண்டும். வைக்காதவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம்.

தக்காளியோ கத்தரியோ பச்சையாகவே, ஒரே நாளில் தலை தொங்கிவிட்டால் தண்டைக் குறுக்காக வெட்டி, தெளிந்த தண்ணீர்க் கிளாசில் நுனி மட்டும் படப் பிடியுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போல வெள்ளை நூல் இறங்கினால் பற்றீரியா வாடல். மருந்து தேடிக் காசைக் கரைக்காதீர்கள். வேரோடு எடுத்து எரித்துவிட்டு அந்த இடத்தில் மூன்று வருடத்துக்குத் தக்காளி, கத்தரி, கொச்சிக்காய் எதுவும் வேண்டாம். கீரை, சோளம் போடலாம்.

நூல் இறங்காமல், கன்று நாளுக்கு நாள் தேய்ந்தால் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணலில் வேர்முடிச்சு வட்டப்புழு வழக்கமான வில்லன். பயற்றை வேரிலும் முடிச்சு இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படக்கூடாது. நகத்தால் தட்டினால் கழன்று, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நைதரசன் பிடித்துத் தரும் நல்ல முடிச்சு. வேரே வீங்கினது போல, கழற்ற முடியாமல் இருந்தால்தான் புழு.

வெண்டி இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அன்றே பிடுங்குங்கள், வெள்ளை ஈ அதை மற்றக் கன்றுக்குக் கொண்டுபோகும். பாகல், புடோல் பிஞ்சு விரலளவு வந்ததும் கீழே திறந்த பொலித்தீன் பையோ பழைய பத்திரிகைச் சுருளோ மாட்டினால் பழ ஈ முட்டை குத்தாது. புடோல் சுருண்டால் நுனியில் சின்னக் கல் கட்டுங்கள். சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம், இல்லாவிட்டால் இலையோடு கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். இலையைப் பார்க்காமல் மருந்துப் போத்தலை நீட்டுகிற கடையில் மட்டும் கேட்காதீர்கள்.

கைமாற்று

எங்கள் ஒழுங்கையில் ஆறு வளவு. ஆறு பேரும் ஆறு வகை நாற்றுப் போடுவது வீண் வேலை. ஒருவர் கத்தரி, ஒருவர் கொச்சிக்காய், ஒருவர் தக்காளி என்று தையிலேயே பிரித்துக்கொண்டு மாசியில் மாற்றிக்கொள்வோம். ஒரு அலவாங்கு, ஒரு தெளிகருவி, ஒரு வண்டில் எல்லாருக்கும் போதும். பள்ளப் பாத்தி வெட்டுவதைச் சனிக்கிழமைகளில் சுற்றுக்கு ஒரு வளவாக வைத்துக்கொண்டோம். வீட்டுக்காரர் தேத்தண்ணியும் அவித்த கடலையும் தர வேண்டும், அவ்வளவுதான் கூலி.

சண்டை வந்ததும் உண்டு. ஒரு வருடம் இலை சுருண்ட கொச்சி நாற்று ஒரு வளவிலிருந்து ஐந்து வளவுக்கும் போய், எல்லார் தோட்டமும் ஒரே நேரத்தில் போனது. அதிலிருந்து ஒரு சட்டம். கொடுப்பதற்கு முன் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரையும் இலையின் அடிப்பக்கத்தையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். முகத்தாட்சணை பார்க்கக்கூடாது. இன்னொரு சட்டம் கோழிக்கு. மாசி, பங்குனி இரண்டு மாதமும் கோழி கூட்டில். ஆட்டுக்கு வேலி.

சித்திரை, வைகாசி: கச்சானுக்கு முன்

சித்திரையில் ஓரிரு மழை விழலாம். அதை நம்பிப் புதிதாக எதையும் நடாதீர்கள். அந்த ஈரத்தில் மேற்கு வேலியைச் சரிபாருங்கள். கச்சான் மேற்கிலிருந்து, தரையெல்லாம் காய்ந்த சூட்டோடு வரும். கிடுகை அடி மட்டத்திலிருந்து ஆள் உயரத்துக்குக் கட்டுங்கள், ஆனால் இடைவெளி இல்லாமல் அடைக்காதீர்கள். முழுக்க அடைத்த வேலியைத் தாண்டிக் காற்று சுழன்று விழும். பாதி காற்றை விடுகிற வேலிதான் கன்றைக் காக்கும். அடுத்த மாரியில் அந்த வரிசையில் சீமைக்கிளுவைத் தடி ஊன்றிவிட்டால் பசளைக்கு இலையும் கிடைக்கும்.

கண்ணகை அம்மன் கோயில்களில் குளிர்த்தி பாடுகிற வைகாசிக்குள் தோட்டத்தைச் சுருக்கிவிட வேண்டும். தக்காளியைப் பிடுங்குங்கள். வெள்ளரிக் கொடியை எரு மேட்டுக்கு. கத்தரியைப் பிடுங்காமல் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வெட்டி, ஒரு கூடை எரு வைத்து, தடிப்பாக மூடாக்குப் போடுங்கள். ஆறு ஏழு கிழமையில் புதுக்கிளை விட்டு மறுபடி காய்க்கும். முருங்கையும் மரவள்ளியும் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக விதை. வெண்டியில் நல்ல கன்று ஒன்றைத் தேர்ந்து, நடுப்பகுதிக் காய் இரண்டைச் செடியிலேயே முற்றவிட்டு, சிவப்பு நூல் கட்டுங்கள். நூல் கட்டாவிட்டால் வீட்டில் யாராவது பறித்துக் கறியாக்கிவிடுவார்கள், எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்தது. வெடிக்கப் போகிற பதத்தில் பறித்து, நிழலில் காயவைத்து, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து, இனமும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். பயற்றை விதை நன்றாகக் காய்ந்ததா என்று பார்க்கப் பல்லால் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் இன்னும் இரண்டு நாள் வெயில், டக்கென்று உடைந்தால் போத்தலுக்குள்.